கணினியின் அடங்கல்

வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில் எங்களில் ஒருவரின் அத்தை வீடு இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலைத்தொடர் சுவர்போல் நிற்கும். சென்ற கோடையில் அங்கே போயிருந்தபோது அத்தை, பீரோவின் மேல்தட்டிலிருந்து பழைய சேலையில் சுற்றி வைத்திருந்த மடிக்கணினி ஒன்றை எடுத்துவந்து எங்கள் முன் வைத்தார். 2012ஆம் ஆண்டில் அவருடைய மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. பேட்டரி செத்துப்போயிருந்தது. சார்ஜரைச் செருகியிருக்கும்வரை மட்டும் உயிர் இருக்கும். மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறார். இதைவிடப் பன்மடங்கு வேகமான கணினி அவரிடம் இருக்கிறது.

“இதுல இன்னும் ஏதாச்சும் இருக்காப்பா, இல்ல பழைய சாமான்காரன்ட்டப் போட்டுறலாமா?” என்று கேட்டார் அத்தை.

எளிய கேள்விதான். ஆனால் ‘உன்னுள் என்ன இருக்கிறது’ என்று கேட்டால் ஒரு கணினி ஒளிக்காமல் பதில் சொல்லப் பழகியதற்குப் பின்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு பெரும்பாலும் கறுப்புத் திரையில், கட்டளைவரியில் நிகழ்ந்தது. ஆகையால் அதைத் தம் தொழிலாகக் கொண்டவர்கள் தவிர மற்றவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஏடுகளிலும் பதிவேடுகளிலும் ஆர்வமுள்ள வாசகர்கள் அதை அறிந்துகொள்ள வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணாவின் பிறந்தநாளன்று, தொடங்கப்பட்டது. அக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் எனப்படும் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007 சனவரியில் முதன்முதலாக வெளியிட்ட லினக்ஸ் அது. பாஸ், டெபியன் என்னும் லினக்ஸின் வழிவந்தது. தமிழ்நாட்டின் பல லட்சம் வீடுகளுக்குள் டெபியனின் மரபு இப்படித்தான் சந்தடியில்லாமல் நுழைந்தது. பல வீடுகளில் அந்தப் பக்கம் ஒருமுறைகூடத் திறக்கப்படாமலே கிடந்திருக்கும்.

நாங்கள் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தோம். கடவுச்சொல்லை மகளிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டோம். முனையத்தைத் திறந்து, ‘டிபிகேஜி’ என்று தட்டி, இடம் விட்டு, ஒரு சிறு கோடும் ‘எல்’ என்ற எழுத்தும் சேர்த்தோம். வரிகள் ஓடத் தொடங்கின. ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் இரண்டு ஆங்கில எழுத்துகள். பெரும்பாலானவற்றில் ‘ஐ ஐ’. எங்கோ ஓரிரு வரிகளில் ‘ஆர் சி’. இவ்வெழுத்துகள் என்ன சொல்கின்றன, இவற்றை எழுதி வைத்தவர் யார் என்பதே இக்கட்டுரை.

கணக்கில்லாத காலம்

யூனிக்ஸ் கணினிகளில் நெடுங்காலம் மென்பொருளை நிறுவுவது விதைப்பதைப் போலிருந்தது. தூவியாயிற்று, எந்த விதை எங்கே விழுந்தது என்று எவரும் குறிப்பதில்லை. மூலநிரல் ஒரு மூட்டையாக வரும். அதைப் பிரித்து, அந்தக் கணினிக்கேற்பத் தொகுத்து, ‘மேக் இன்ஸ்டால்’ என்று கட்டளையிட்டால், இயங்கும் நிரல் ஓர் அடைவிலும் அதற்குத் துணையான நூலகக் கோப்புகள் வேறோர் அடைவிலும் அமைப்புக் கோப்புகள் மற்றோர் அடைவிலுமாகச் சென்று அமரும். பின்னொரு நாள் அதை நீக்க வேண்டுமானால் நிறுவியவரின் நினைவே துணை. அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அதுவும் இல்லை.

வணிக யூனிக்ஸ்களில் இதற்கு மாற்று தேடப்பட்டது. ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஐந்து, நான்காம் வெளியீட்டில் மென்பொருளைப் ‘பொதி’களாகக் கட்டி அளிப்பதற்கும், நிறுவிய பொதிகளைப் பற்றிக் கேட்பதற்கும் கட்டளைகள் வந்தன. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் அம்மரபைத் தொடர்ந்தது. எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம் என்று வரிவரியாகச் சொல்லும் நீண்ட உரைக்கோப்பு ஒன்று சோலாரிஸ் கணினிகளில் இருந்தது.

பொதி என்ற கருத்தோடு கூடவே பிறந்ததுதான் மீத்தரவு. மூட்டைக்குள் இருக்கும் சரக்கு ஒன்று. மூட்டையின் மேல் கட்டியிருக்கும் சீட்டு மற்றொன்று. சரக்கின் பெயர், பதிப்பு, அளவு, அனுப்பியவர், இது வேலை செய்ய வேறு எவை தேவை என்பனவெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். மூட்டையை அவிழ்த்துச் சரக்கை வீட்டில் பரப்பிய பிறகு அந்தச் சீட்டை எறிந்துவிடாமல் ஓர் ஏட்டில் ஒட்டிவைக்க வேண்டும் என்று தோன்றியதுதான் இவ்வரலாற்றின் முதல் திருப்பம்.

லினக்ஸ் உலகில் இது நிகழ்ந்த ஆண்டு 1993. அவ்வாண்டு சூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேரில், நிறுவப்பட்ட பொதி ஒவ்வொன்றுக்கும் ஓர் உரைக்கோப்பு வைக்கப்பட்டது. பொதியின் பெயரே கோப்பின் பெயர்; அதற்குள் அந்தப் பொதி கொண்டுவந்த கோப்புகளின் பட்டியல். ஓர் அடைவைத் திறந்து பார்த்தாலே கணினியில் என்னென்ன இருக்கின்றன என்பது தெரிந்துவிடும். ஆனால் ‘இது இயங்க அது வேண்டும்’ என்னும் உறவை ஸ்லாக்வேர் குறித்துக்கொள்ளவில்லை. அது பயனர் அறிந்திருக்க வேண்டியது என்பது அதன் கொள்கை.

அதற்கு அடுத்த மாதம், 1993 ஆகஸ்டு 16 அன்று, பர்டூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் டெபியன் என்ற புதிய தொகுப்பை அறிவித்தார். தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அவர் இட்ட பெயர் அது.

மூன்று சொற்கள்

டெபியனின் பொதிகளை மேலாளும் டிபிகேஜியை 1994 சனவரியில் மர்டாக் முதலில் ஒரு ஷெல் நிரலாக எழுதினார். பின்பு மேட் வெல்ஷ், கார்ல் ஸ்ட்ரீட்டர் ஆகியோருடன் சேர்ந்து பெர்ல் மொழியில் அது திருத்தி எழுதப்பட்டது. அதே ஆண்டில் இயன் ஜாக்சன் அதன் முதன்மைப் பகுதியைச் சி மொழியில் புதிதாக எழுதினார். இன்று நாம் காணும் ஏட்டின் வடிவம் அந்தத் தொடக்ககாலத்தைச் சேர்ந்தது.

அந்த ஏட்டின் பெயர் ‘ஸ்டேட்டஸ்’. வார் என்னும் அடைவுக்குள் லிப், அதற்குள் டிபிகேஜி, அதற்குள் இக்கோப்பு. வெறும் உரைக்கோப்பு இது. எந்த உரைத்திருத்தியிலும் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பத்தி. பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்றுவரி. பத்திக்குள் பெயர், நிலை, பிரிவு, பராமரிப்பவர், பதிப்பு, சார்புகள், விவரிப்பு என்று ஒரு வரிக்கு ஒரு செய்தி.

இவற்றில் ‘நிலை’ என்ற வரிதான் உயிரானது. அதில் மூன்று சொற்கள் இருக்கும். முதல் சொல், இந்தப் பொதியைப் பற்றி உரியவரின் விருப்பம் என்ன என்பது: இருக்கட்டும், போகட்டும், இப்போதிருக்கும் பதிப்பிலேயே நிற்கட்டும். நடுச்சொல், பழுது ஏதும் உண்டா என்பது. மூன்றாம் சொல், உண்மையில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பது: நிறுவப்பட்டது, பாதியில் நிற்கிறது, பிரிக்கப்பட்டது ஆனால் அமைக்கப்படவில்லை. விரும்புவதும் இருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று அந்த ஏடு நம்புவதில்லை. இரண்டையும் தனித்தனியே எழுதுகிறது. நாங்கள் திரையில் கண்ட ‘ஐ ஐ’ என்ற இரட்டை எழுத்து இதன் சுருக்கம். முதல் எழுத்து விருப்பம், இரண்டாம் எழுத்து நிலைமை. இருக்க வேண்டும் என்று விரும்பப்பட்டது, இருக்கிறது.

கிராமக் கணக்கோடு பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. புல எண், பரப்பு, வகை, தீர்வை ஆகியவை ‘அ’ பதிவேட்டில் இருக்கும். அவை எளிதில் மாறுபவை அல்ல. பசலிதோறும் அந்தப் புலத்தில் உண்மையில் என்ன பயிர் நின்றது என்பது அடங்கலில் ஏறும். ஒன்று நிலத்தின் இயல்பு, மற்றொன்று நிலத்தின் நடப்பு. கணக்குப்பிள்ளை வரப்பில் நடந்துபோய்ப் பார்த்து எழுதினால்தான் அடங்கலுக்கு மதிப்பு. 1980 நவம்பரில் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். எழுதும் கை மாறியது, அடங்கல் மாறவில்லை. டிபிகேஜியின் கதையும் அதுவே. அதைப் பராமரித்தவர்கள் பலமுறை மாறிவிட்டார்கள். மர்டாக் 2015 டிசம்பரில் மறைந்தார். ஏட்டின் வடிவம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

எழுதும்போதே விளக்கு அணைந்தால் என்ன செய்வது என்பதையும் அதை அமைத்தவர்கள் யோசித்திருந்தார்கள். மாற்றங்களைச் சிறுசிறு துண்டுக் கோப்புகளாக முதலில் எழுதி வைத்துவிட்டுப் பிறகே பெரிய ஏட்டில் சேர்ப்பார்கள். பழைய ஏட்டின் நகல் ஒன்று பக்கத்திலேயே இருக்கும். போதாதென்று, வேறோர் அடைவில் சுழற்சி முறையில் ஏழு காப்புநகல்கள் வைக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை அனுபவித்தவர்கள் இந்த முன்யோசனையின் அருமையை உணர்வார்கள். பாதியில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், ‘இன்னின்ன பொதிகள் பாதியில் நிற்கின்றன, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்’ என்று அந்த ஏடு கேட்கும்.

தேதி எழுதிய ஏடு

டெபியனுக்கு இணையாக வளர்ந்த மற்றொரு மரபு ரெட் ஹேட்டினுடையது. எரிக் ட்ரோன், மார்க் யூயிங் இருவரும் எழுதிய ஆர்பிஎம், 1995ஆம் ஆண்டு ரெட் ஹேட் லினக்ஸின் இரண்டாம் பதிப்போடு வந்தது. இவர்கள் ஏட்டை உரையாக வைக்காமல் தரவுத்தளமாக வைத்தார்கள். பெர்க்லி டிபி என்னும் தரவுத்தளம் இதற்குப் பயன்பட்டது. கையால் திறந்து படிக்க இயலாது. கேள்வி கேட்டுத்தான் பதில் பெற வேண்டும். அதற்கு ஈடாக, கேட்கும் வழிகளை அவர்கள் மிக வளமாக அமைத்தார்கள். ‘ஆர்பிஎம்’ என்று தட்டி ‘க்யூ’ என்ற எழுத்தோடு ‘ஏ’ சேர்த்தால் எல்லாப் பொதிகளும் வரும். ‘ஐ’ சேர்த்தால் ஒரு பொதியின் முழு விவரம். ‘எஃப்’ சேர்த்து ஒரு கோப்பின் பெயரைச் சொன்னால், அது எந்தப் பொதியின் பிள்ளை என்று வரும். பெரிய ‘வி’ கொடுத்தால், நிறுவிய நாளில் இருந்தபடியே கோப்புகள் இருக்கின்றனவா, அளவோ உள்ளடக்கமோ மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மாறியவற்றை மட்டும் காட்டும். வரப்பில் நடந்துபோய்ப் பார்ப்பதென்பது இதுதான்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. ஒரு பொதி எந்த நாளில், எந்த நேரத்தில் நிறுவப்பட்டது என்பதை ஆர்பிஎம் தன் ஏட்டிலேயே எழுதிக்கொள்கிறது. டெபியனின் ஸ்டேட்டஸ் ஏட்டில் தேதிக்கென்று இடமே கிடையாது. என்ன இருக்கிறது என்று சொல்லும். எப்போது வந்தது என்று சொல்லாது. டெபியன்காரர்கள் தேதி அறிய வேறு தடயங்களைத் தேட வேண்டும். ஒவ்வொரு பொதியின் கோப்புப் பட்டியலும் எந்த நாளில் எழுதப்பட்டது என்று பார்ப்பார்கள். தனியே எழுதப்படும் நாட்குறிப்புக் கோப்புகளைப் புரட்டுவார்கள். முத்திரையைக் கொண்டு பத்திரத்தின் காலத்தைக் கணிப்பதைப் போன்றது அது.

தரவுத்தளமாக வைத்ததற்கு விலையும் இருந்தது. மின்தடையாலோ வேறு தடங்கலாலோ அந்தத் தரவுத்தளம் சிதைந்தால் கணினி தன்னையே மறந்துவிட்டதுபோல் ஆகும். அதைச் சீராக்க ‘ரீபில்ட்டிபி’ என்றொரு கட்டளை இருந்ததும், ஆர்பிஎம் பயனர்கள் அதை மனப்பாடமாக வைத்திருந்ததும் இதனால்தான். 2020 அக்டோபரில் வந்த ஃபெடோரா 33இல் பெர்க்லி டிபி கைவிடப்பட்டு எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளத்துக்கு ஏடு மாற்றப்பட்டது.

இரு மரபுகளையும் தமிழ்நாடு அரசு அடுத்தடுத்துத் தொட்டுப் பார்த்திருக்கிறது என்பது நம் கவனத்துக்குரியது. 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் சி. உமாசங்கர் இ.ஆ.ப. எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்தபோது, அந்நிறுவனத்தின் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறின. சூசே, ஆர்பிஎம் ஏட்டை வைத்துக்கொள்வது. 2011இல் மாணவர்களின் மடிக்கணினியில் வந்த பாஸ், டிபிகேஜி ஏட்டை வைத்துக்கொள்வது. ஆவணங்களில் இரண்டையும் ‘லினக்ஸ்’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டோம். உள்ளே இரண்டு வேறு கணக்கெழுதும் முறைகள் இருந்தன.

கேட்டு வந்தவை, கூட வந்தவை

ஒரு பொதிக்கு மற்றொன்று தேவை, அதற்கு வேறொன்று தேவை என்று நீளும் சங்கிலியைப் பயனரே கோத்துக்கொள்ள வேண்டியிருந்த காலம் துன்பமானது. 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1இல் ஏபிடி என்னும் கருவி வந்தது. ஒன்றைக் கேட்டால் அதற்கு வேண்டியவற்றையெல்லாம் வலையிலிருந்து அதுவே திரட்டி வந்தது. திருமணத்துக்கு ஒருவரை அழைத்தால் அவர் குடும்பமே வந்து இறங்குவதைப் போல.

ஆனால் அழைத்தவர் போன பிறகும் கூட வந்தவர்கள் திண்ணையிலேயே தங்கிவிட்டார்கள். யார் அழைக்கப்பட்டவர், யார் கூட வந்தவர் என்பதை ஏடு வேறுபடுத்தவில்லை. பின்னாளில் இதற்கெனத் துணை ஏடு ஒன்று தொடங்கப்பட்டது. தானாக நிறுவப்பட்ட பொதிகளுக்கு அதில் ஓர் அடையாளம் இடப்பட்டது. ‘ஏபிடி-மார்க்’ என்னும் கட்டளையால் அந்த அடையாளத்தைப் பார்க்கலாம், மாற்றலாம். இனித் தேவையில்லாத துணைப்பொதிகளைக் கணினியே கண்டுபிடித்து ‘இவற்றை அனுப்பிவிடலாமா’ என்று கேட்கவும் முடிந்தது.

ஒரு சிறு குறிப்பு, பெரிய வேறுபாடு. என்ன இருக்கிறது என்பதோடு, ஏன் இருக்கிறது என்பதும் ஏட்டில் ஏறியது. ஒருவர் தன் கணினியில் கேட்டு வாங்கியவற்றின் பட்டியலைத் தனியே எடுத்துப் பார்த்தால், அவர் அதில் என்ன செய்ய நினைத்தார் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

ஏடு சோதிக்கப்பட்ட நாட்கள்

இந்த ஏடுகள் வெறும் வசதிக்கானவை அல்ல என்று உலகம் உணர்ந்த நாட்கள் சில உண்டு. 2014 ஏப்ரல் 7 அன்று, ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்று பெயரிடப்பட்ட ஓட்டை வெளியிடப்பட்டது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகள் பழுதானவை. வழங்கிகளைக் காப்பவர்கள் எல்லோரும் அன்று தட்டிய முதல் கட்டளை, ‘என் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது’ என்பதே.

அந்தப் பதிலைப் படிக்கவும் பயிற்சி வேண்டியிருந்தது. டெபியன் 7இல் பழுது நீக்கப்பட்ட பதிப்பின் எண் 1.0.1இ-2+டெப்7யூ5. முன்பாதியை மட்டும் படித்தவர்கள் ‘1.0.1இ’ என்று கண்டு பதறினார்கள். நிலையான வெளியீட்டில் புதுப் பதிப்பைப் புகுத்தாமல், பழைய பதிப்பிலேயே ஓட்டையை மட்டும் அடைப்பது டெபியனின் வழக்கம். ஒட்டுப் போட்ட செய்தி எண்ணின் வாலில் இருந்தது.

இதைவிட விந்தையான எண் ஒன்றை 2024இல் கண்டோம். எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எவரோ திட்டமிட்டுப் புறவாசல் ஒன்றை வைத்திருந்தார்கள். எஸ்எஸ்எச் வழி உள்நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். சோதனை நிலையிலிருந்த டெபியனில் அந்தப் பதிப்புகள் ஏற்கெனவே புகுந்திருந்தன. பழைய, தூய பதிப்புக்குத் திரும்ப வேண்டும். ஆனால் புதுப்பித்தல் மேல்நோக்கித்தான் செல்லும். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்குத் தானாக இறங்காது. ஆகவே அவர்கள் இட்ட எண்: 5.6.1+ரியலி5.4.5-1. ‘பெயருக்கு 5.6.1, மெய்யாக 5.4.5’ என்று பொருள். ஏட்டின் விதியையும் மீறாமல் உண்மையையும் மறைக்காமல் எழுதிய இந்த ஒரு வரி, கணக்கெழுதும் நேர்மைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஏடு பதில் சொல்ல முடியாமல் நின்ற நாளும் உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் ஜாவா நூலகத்தில் பெரும் பழுது வெளியானபோது, ‘அது என்னிடம் இருக்கிறதா’ என்ற கேள்விக்குப் பல நிறுவனங்களால் உடனே விடை காண இயலவில்லை. அந்நூலகம் தனிப்பொதியாக வராமல், பிற மென்பொருள்களின் மூட்டைக்குள் மூட்டையாகப் புதைந்து வந்திருந்தது. வெளிமூட்டையின் சீட்டு மட்டுமே ஏட்டில் இருந்தது. ஏட்டின் வழியே வராதது ஏட்டில் இருக்காது.

ஒரே நிலத்துக்குப் பல பட்டா

இன்று ஒரு கணினிக்குள் ஒரே ஏடு இல்லை. பைத்தான் மொழிக்குப் பிப், ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம், இவை தவிர ஸ்னாப், ஃபிளாட்பேக் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்கிறது. டிபிகேஜி நிறுவிய பைத்தான் நூலகத்தைப் பிப் வந்து மாற்றி எழுதிவிட்டுப் போகும், டிபிகேஜிக்குத் தெரியாது. ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா வழங்கினால் வரும் வழக்குகள் இங்கும் வந்தன. இதற்கு வரம்பு கட்டப் பைத்தான் சமூகம் ஒரு விதியை வகுத்தது. 2023 சூனில் வந்த டெபியன் 12 அதை ஏற்றுக்கொண்டது. ‘இந்த இடம் இயங்குதளத்தின் பொறுப்பில் இருக்கிறது, தனியிடம் அமைத்துக்கொண்டு அங்கே நிறுவுங்கள்’ என்று பிப் இப்போது கைகட்டி நின்றுவிடுகிறது.

ஏடுகள் பலவானதால் அவற்றையெல்லாம் தொகுத்த ஒரே பட்டியல் வேண்டும் என்ற குரல் எழுந்தது. மென்பொருளின் உட்கூறுப் பட்டியல் எனப்படும் எஸ்பாம் அவ்வாறு வந்தது. மருந்துப் புட்டியின் மேல் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதுவதைப் போல, ஒரு மென்பொருளுக்குள் எவையெவை இருக்கின்றன, எந்தப் பதிப்புகள் என்று எழுதித் தர வேண்டும். அமெரிக்காவில் 2021 மே மாதத்து அரசாணை ஒன்று அரசு வாங்கும் மென்பொருள்களுக்கு இதை வலியுறுத்தியது. இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 1990களில் சில மாணவர்களும் இளம் நிரலர்களும் தம் வசதிக்காக ஓர் அடைவின் மூலையில் எழுதிவைத்த கணக்கு, இன்று அரசுகள் கேட்டுப் பெறும் ஆவணமாகிவிட்டது.

இதில் தமிழுக்குரிய இடத்தையும் சொல்ல வேண்டும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன்னார்வலர்கள் பலர் கேடிஇ, க்னோம் ஆகிய பணிமேடைகளின் சொற்களைத் தமிழாக்கினார்கள். ‘கோப்பு’, ‘அடைவு’, ‘முனையம்’ போன்ற சொற்கள் திரையில் நிலைபெற்றதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் ஸ்டேட்டஸ் ஏடு ஆங்கிலத்திலேயே இருக்கிறது. பொதிகளின் விவரிப்புகளை மொழிபெயர்க்கவென்றே டெபியனுக்குள் ஒரு முயற்சி உண்டு. மொழிக்கொரு கோப்பு என்று ஏபிடி அவற்றைத் தனியே பெற்றுக்கொள்ளும். ‘ஏபிடி ஷோ’ என்று கேட்டால் மொழிபெயர்ப்பு இருக்குமிடத்தில் அதைக் காட்டும். ஒரு பொதி எதற்கானது என்று இரண்டு மூன்று வரிகளில் சொல்வது மட்டுமே அந்த விவரிப்பு. மொழியறிவும் பொறுமையும் உள்ள எவரும் செய்யக்கூடிய பணி. இத்தளத்தின் வாசகர்களில் சிலரேனும் இதை நினைத்துப் பார்க்கலாம்.

மீண்டும் புதுப்பட்டியில்

அத்தையின் கேள்விக்குத் திரும்புவோம். அந்தக் கணினியின் கோப்புப் பட்டியல்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தோம். மிகப் பெரும்பாலானவை ஒரே நாளின் தேதியைத் தாங்கியிருந்தன. கணினி அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே, ஒரே அச்சில் வார்த்து எடுத்த நாள் அது. அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 2014இலும் 2015இலும் சில நாட்களில் மட்டும் சில பொதிகள் வந்திருந்தன. ஏபிடியின் நாட்குறிப்பில் அந்த நாட்களின் கட்டளைகளும் அப்படியே இருந்தன. சி மொழித் தொகுப்பி ஒன்று. கணிதத்துக்கான ஆக்டேவ். நிரல் எழுதுவதற்கேற்ற ஓர் உரைத்திருத்தி. அத்தனையும் பகல் நேரத்தில், கல்லூரியின் இணையத்தில் இருந்தபோது நிறுவப்பட்டவையாக இருக்க வேண்டும். ஒரு முறை நிறுவல் பாதியில் நின்று, மறுநாள் அதே கட்டளை மீண்டும் தட்டப்பட்டிருந்தது.

‘ஆர் சி’ என்றிருந்த வரிகளில் ஒன்று மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தினுடையது. முதல் எழுத்து, நீக்கிவிடு என்ற விருப்பம்; இரண்டாம் எழுத்து, பொதி போய்விட்டது, ஆனால் அதன் அமைப்புக் கோப்புகள் இன்னும் இருக்கின்றன என்ற நிலைமை. குடிபோனவர் சுவரில் அடித்த ஆணி மட்டும் நிற்கிறது. நிறுவியதற்கும் நீக்கியதற்கும் இடையே நான்கு மாதங்கள்; ஒரு பருவத்தின் நீளம்.

அன்று மாலை மகளிடம் தொலைபேசியில் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அந்த மைஎஸ்க்யூஎல் லேபுக்காகப் போட்டதுண்ணே. வட்டுல இடமில்லைன்னு எடுத்தேன். இதெல்லாமா எழுதி வச்சிருக்கு?” என்றார். இப்போது அவர் பார்க்கும் வேலையும் தரவுத்தளங்களோடுதான்.

எழுதிவைத்தது எந்த நிறுவனத்தின் வழங்கியிலும் இல்லை. அந்தக் கணினிக்குள்ளேயே, யாரிடமும் அனுமதி கேட்காமல் திறந்து படிக்கக்கூடிய எளிய உரையாக, பதினோராண்டுகளுக்கும் மேலாகப் பீரோவில் சேலைக்குள் சுற்றப்பட்டு இருந்தது. அதை எழுதும் முறையை வகுத்தவர்கள் வ. புதுப்பட்டி என்ற பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் கணினி யாருடையதோ அவர் கேட்டால் பதில் கிடைக்க வேண்டும், அந்தப் பதில் எவரும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அவர்கள் 1994இல் எடுத்த முடிவு இந்தத் தெருவரை வந்து சேர்ந்திருக்கிறது.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னோம். மகள் படித்த படிப்பின் கணக்கு இதற்குள் இருக்கிறது என்றோம். அவர் மடிக்கணினியை மூடி, மறுபடியும் அதே சேலையில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.